வெண்ணாற்றில் ஒரு மின்படகு

கூத்தாநல்லூர் மக்களுக்குக் கப்பல் புதிதன்று. ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயர் வாங்கிய ஊர் இது. 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் நீராவிக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் அதில் ஏறித்தான் பொருள் தேடப் போனார்கள். நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் செல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோரைச் சுமந்த கப்பலுக்கும் சிறு படகின் துணை வேண்டியிருந்தது.

அத்தகைய ஊரில், வெண்ணாற்றங்கரையில் இருந்துகொண்டு, நமக்கென்று ஒரு சிறு படகு வேண்டாமா என்று நான் நண்பர்களிடம் கேட்பதுண்டு. “பாலம் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, படகு எதற்கு?” என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதிக்கு அந்த விடை சரியானதே. ஆனால் 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் வந்தபோது டெல்டாவில் வயல், வாய்க்கால், தெரு என்ற வேற்றுமை இல்லாமல் எங்கும் நீர் நின்றது. 2018 நவம்பர் 16 விடியலில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அத்தகைய நாட்களில் படகு எங்கோ கடற்கரையிலிருந்து லாரியில் வந்து சேர வேண்டியிருக்கிறது. வெள்ளம் வந்தபின் ஓடம் தேடுவது, வீடு தீப்பற்றியபின் கிணறு தோண்டுவது போன்றதாகும்.

கிராமத்துக்கு ஒரு சிறு படகு இருந்தால், அதுவும் டீசலுக்குக் காத்திராமல் மின்சாரத்தால் ஓடுமானால், எவ்வளவு நன்றாக இருக்கும்! அதை நாமே செய்ய முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. அதற்கு நீரும் வேகமும் பற்றிய ஒரேயொரு விதியை நன்கு புரிந்துகொள்ள வேண்டும். அந்த விதியையும், அதன்படி ஒரு படகை எவ்வாறு அமைப்பது என்பதையும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

துடுப்பில்லாத ஓடம்

கோலும் துடுப்பும் இன்றி ஓடம் செல்லும் என்ற எண்ணம் நம் பகுதிக்குப் பழையது. குடவாசல் வட்டத்தில் உள்ள திருக்கொள்ளம்பூதூரில், ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர்கள் விலகி நின்றபோது, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தை அக்கரை சேர்த்தார் என்பது வரலாறு. ஐப்பசியில் அங்கே ஓடத் திருவிழா நடைபெறுகிறது. அது பக்தியின் கதை. இனி அறிவியலின் கதைக்கு வருவோம்.

மோரிட்ஸ் யாக்கோபி என்னும் அறிஞர் 1838ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில் மின்மோட்டார் பொருத்திய படகு ஒன்றை ஓட்டிக் காட்டினார். மோட்டார் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியது. படகு செல்லத்தான் செய்தது. ஆனால் அக்காலத்து மின்கலங்கள் துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் தருபவை, செலவு கட்டுப்படியாகவில்லை. மீண்டும் ஏற்றக்கூடிய ஈய அமில மின்கலம் 1859இல் பிளான்டே என்பவரால் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே வழி திறந்தது. 1881இல் குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஒரு மின்படகை ஓட்டினார். மோட்டார், சுக்கான், சுழல்விசிறி ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து, படகின் பின்புறத்தில் மாட்டவும் கழற்றவும் கூடியதாக அவர் அமைத்தார். இன்று மீனவர்கள் படகின் பின்னால் தொங்கவிடும் இயந்திரங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் ஓடின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் பயணம் செய்தனர். பின்னர் பெட்ரோல் இயந்திரம் மலிவாக வந்தது, மின்படகு மறக்கப்பட்டது. எனினும் முற்றிலும் மறையவில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் கோனிக்சே என்னும் ஏரியில், நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பொருட்டு, 1909ஆம் ஆண்டு முதல் பயணிகளை மின்படகுகளே ஏற்றிச் செல்கின்றன.

வைக்கத்துப் படகு

வெளிநாட்டுக் கதைகள் நமக்கு எதற்கு என்பவர்கள் கேரளத்துக்குச் செல்லலாம். 1924இல் தொடங்கிய சத்தியாகிரகத்தாலும், அதில் பங்கேற்றுச் சிறை சென்ற தந்தை பெரியாராலும் தமிழர் யாவரும் அறிந்த ஊர் வைக்கம். அந்த வைக்கத்திலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவு என்னும் அக்கரைக்கு 2017 ஜனவரி 12 முதல் ‘ஆதித்யா’ என்ற படகு விடப்பட்டது. சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்கும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு இதுவே. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியில் உள்ள ‘நவால்ட்’ நிறுவனம் இதைக் கட்டியது. 75 பேர் அமரலாம். நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். ஒல்லியான இரண்டு உடல்களை இணைத்து மேலே தளம் அமைத்திருக்கிறார்கள். கூரை முழுவதும் சூரியத் தகடுகள். உள்ளே லித்தியம் மின்கல அடுக்கு. ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தூரத்தை 15 நிமிடத்தில் கடக்கிறது. அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர்.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவில், கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய, 100 பேர் ஏறும் மின்படகுகள் ஓடுகின்றன. ஆகவே மின்படகு இன்று ஆராய்ச்சிக்கூடப் பொருளன்று. அன்றாடம் மக்கள் சீட்டு வாங்கி ஏறும் ஊர்தி.

மணிக்கு 10 கிலோமீட்டர் என்றதும் சிலர் சிரிக்கலாம். சைக்கிள்கூட அதைவிட விரைவாகப் போகுமே! ஆனால் அந்த மெதுவான வேகத்தில்தான் ‘ஆதித்யா’வின் வெற்றி அடங்கியிருக்கிறது. அது எப்படி என்று காண்போம்.

வேகத்தின் விலை

ஓடும் படகை நீர் பின்னுக்கு இழுக்கிறது. இந்த எதிர்ப்பு விசை ஏறத்தாழ வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் 4 × 2, அதாவது எட்டு மடங்கு. திறன் வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது என்பது இதன் சுருக்கம்.

மூன்று பேர் செல்லும் 4 மீட்டர் நீளமுள்ள லேசான படகு, அசையாத நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் செல்ல 100 வாட் மின்திறன் வேண்டும் எனக் கொள்வோம். வீட்டு மின்விசிறி ஒன்றிரண்டுக்கு ஆகும் திறன் அது. அதே படகு மணிக்கு 8 கிலோமீட்டர் செல்ல 800 வாட் வேண்டும். நம்மிடம் 2 யூனிட் மின்சாரம் கொண்ட மின்கலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாவது. 4 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மின்கலம் 20 மணி நேரம் வரும். படகு 80 கிலோமீட்டர் போகும். 8 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரம்தான். 20 கிலோமீட்டருடன் பயணம் முடியும். வேகம் இரட்டித்தது, தூரம் கால் பங்காகக் குறைந்தது.

இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. ஓடும் படகு தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே உண்டாக்கிய அலையின் பள்ளத்தில் சிக்கி, எப்போதும் மேடு ஏறுவது போல் திணறும். மீட்டரில் படகின் நீளத்துக்கு வர்க்கமூலம் கண்டு 1.25ஆல் பெருக்கினால் அந்த வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 4 மீட்டர் படகுக்கு இது விநாடிக்கு 2.5 மீட்டர், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். அதை நெருங்கும்போது எட்டு மடங்குக் கணக்குகூடப் போதாது. 20 மீட்டர் நீளமுள்ள ‘ஆதித்யா’வுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அது ஓடுவதோ அதில் பாதி வேகத்தில்! கட்டியவர்கள் நீரோடு போரிடவில்லை, உடன்பாடு செய்துகொண்டார்கள்.

டீசலும் மின்கலமும்

டீசல் படகுக்காரர் ஏன் இந்தக் கணக்கைப் பொருட்படுத்துவதில்லை? ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறு இயந்திரம் அதில் முக்கால் பங்கை வெப்பமாகவும் புகையாகவும் இழந்தாலும், இரண்டரை யூனிட் வேலைக்குக் கிடைக்கும். அதே அளவைத் தேக்கி வைக்க லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஏறத்தாழ 25 கிலோ வேண்டும். ஈய அமில மின்கலமானால், அதைப் பாதிக்குமேல் வடியவிடக் கூடாது என்பதால், அதைப் போல் ஐந்தாறு மடங்கு எடை வேண்டும். இரண்டு ஆட்களின் எடையைப் படகில் வீணாகச் சுமப்பதாகும். டீசல்காரரின் பணப்பை பெரியது. ஆகவே அவர் ஊதாரியாக இருக்க முடிகிறது. மின்படகுக்காரர் சிக்கனக்காரராக இருந்தே தீர வேண்டும். எடை குறைவு, உடல் ஒல்லி, வேகம் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறிய பையே போதும்.

நம் ஆறு எப்படிப்பட்டது?

இடத்துக்கு ஏற்ற ஊர்தி வேண்டும் என்பதை வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் தேரையும் கப்பலையும் காட்டிச் சொல்லியிருக்கிறார். வேம்பநாட்டுப் படகு வெண்ணாற்றுக்கு அப்படியே பொருந்தாது.

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிந்து நம் பக்கம் வருகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். ஆகவே ஆற்றில் நீரோட்டம் இருப்பது ஏறத்தாழ ஏழரை மாதம்; மற்றக் காலத்தில் மணல்தான். மேலும் வழிநெடுக நீரொழுங்கிகள். ஒரு ஷட்டருக்கும் அடுத்த ஷட்டருக்கும் இடைப்பட்ட தூரமே படகின் எல்லை. அதைத் தாண்ட வேண்டுமானால் படகைக் கரையேற்றித் தூக்கிச் செல்ல வேண்டும். ஆகவே நான்கு பேர் தூக்கக்கூடிய படகே நம் படகு. மூன்றாவது சிக்கல் வெங்காயத்தாமரை. அது சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் நின்றுவிடும்.

நீரோட்டத்தின் வேகத்தை அறிய நான் கையாண்ட எளிய முறையைச் சொல்கிறேன். கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, மேல்புறம் ஒரு தேங்காய் மட்டையை நடு ஆற்றில் விழுமாறு எறிய வேண்டும். ஒரு குச்சிக்கு நேரிலிருந்து மறு குச்சிக்கு நேரே வர எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 25 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர்.

இந்த நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது ஒரு சுவையான கணக்கு எழுகிறது. மெதுவாகச் சென்றால் சிக்கனம் என்றோம். ஆனால் 3 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்; மின்சாரம் மட்டும் செலவாகும்! 4 கிலோமீட்டர் வேகத்தில் கரையோடு ஒப்பிட மணிக்கு ஒரு கிலோமீட்டர்தான் முன்னேறும்; ஒரு கிலோமீட்டருக்கு 100 வாட் மணி செலவு. நான்கரை கிலோமீட்டர் வேகத்தில் திறன் 142 வாட், முன்னேற்றம் ஒன்றரை கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டருக்கு 95 வாட் மணி. 6 கிலோமீட்டர் வேகத்தில் 112; 8 கிலோமீட்டர் வேகத்தில் 160. நீரோட்டத்தின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கில் செல்வதே மிகச் சிக்கனமானது என்பது இதிலிருந்து தெரிகிறது. நுண்கணிதம் பயிலும் நண்பர்கள் வகைக்கெழு கண்டு இதைச் சரிபார்க்கலாம். பாடப் புத்தகத்தின் சிறும மதிப்புக் கணக்கு ஆற்றங்கரையில் வந்து நிற்கிறது!

படகின் உடல்

திருவாரூர்க் கமலாலயத்தில் தெப்பம் மிதப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி அதன்மேல் அமைக்கப்பெறுவது அது. 200 லிட்டர் பீப்பாய் முழுதும் மூழ்கினால் 200 கிலோ நீரை விலக்கும். அதன் சொந்த எடை போக 180 கிலோவைத் தாங்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் இதுவே. தெப்பம் சுமக்க ஏற்றது. ஆனால் பீப்பாய்களுக்கிடையே நீர் சுழித்து எதிர்ப்பு மிகும். வடம் பிடித்து இழுக்க ஆட்கள் இருக்கும்வரை கவலையில்லை. மின்கலத்தை நம்பினால் அது ஆகாது.

நான் கருதும் படகு 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், தட்டையான அடிப்பாகம், கூரிய முகப்பு கொண்டது. நீர் மட்டத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 3.6 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 36 லிட்டர் நீர் விலகும். 36 கிலோ தாங்கும். உடல் 60, மின்கலம் 25, மோட்டார் 15, சூரியத் தகடு 25, மூன்று பேர் 180 எனக் கூட்டினால் ஏறத்தாழ 300 கிலோ. அமிழும் ஆழம் 8 அல்லது 9 சென்டிமீட்டர்தான். அடிப்பாகத்தின் வளைவைக் கணக்கில் கொண்டாலும் ஒரு சாண் நீர் தாராளம்.

கட்டுவதற்கு எளியது ‘தைத்து ஒட்டும்’ முறை. நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை 6 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி, அடிப்பலகை, இரு பக்கப் பலகைகள், பின்பலகை என்று வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரங்களில் சிறு துளையிட்டுச் செப்புக் கம்பியால் பலகைகளைத் தைத்தால் அவை தாமாகவே வளைந்து படகின் உருவம் பெறும். பின் மூலைகளில் எபாக்சிப் பிசினும் மரத்தூளும் கலந்த சாந்தைப் பூசி, கண்ணாடி இழைத் துணிப்பட்டையை அதன்மேல் ஒட்ட வேண்டும். இறுகியதும் கம்பியை உருவிவிடலாம். ஆணி இல்லை, சட்டம் மிகக் குறைவு. ஆகவே எடை குறைவு.

இதை மேல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். சென்னைக் கடற்கரையில் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கும் ஆளும் கொண்டு சென்ற மசூலாப் படகுகள் ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தவை. இரும்பாணி அடித்த படகு உடைந்து போகும் அலையில், கயிற்றால் தைத்த படகு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பியது. தையல் அன்று கயிறு, இன்று பிசின்.

முகப்பிலும் பின்புறத்திலும் காற்றுப் புகாத அறைகள் அடைத்து, உள்ளே தெர்மோகோல் நிரப்ப வேண்டும். படகு நீரால் நிரம்பினாலும் மூழ்காமல் இருக்க இது கட்டாயம்.

மோட்டாரும் காத்தாடியும்

மீனவர்கள் சுழல்விசிறியைக் ‘காத்தாடி’ என்பார்கள். காத்தாடி நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. படகு முன்னுக்குப் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. விநாடிக்கு 50 கிலோ நீரை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தள்ளினால் 100 நியூட்டன் விசை கிடைக்கும். 100 கிலோ நீரை ஒரு மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 100 நியூட்டன்தான். ஆனால் முதலாவதில் நீர் கொண்டு போகும் இயக்க ஆற்றல் விநாடிக்கு 100 ஜூல். இரண்டாவதில் 50 ஜூல். ஆகவே மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளுவதே இலாபம். காத்தாடி பெரியதாகவும், நிதானமாகச் சுழல்வதாகவும் இருக்க வேண்டும். இங்கும் நிதானமே வெல்கிறது.

நம் தெருக்களில் ஓடும் மின் ஆட்டோக்களில் உள்ளது போன்ற, தூரிகையற்ற நேர்மின்னோட்ட மோட்டார் இதற்கு ஏற்றது. 24 வோல்ட்டில் 800 முதல் 1,000 வாட் வரை தருவது போதும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் மோட்டாரிலிருந்து, நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கப்பியும் பெல்ட்டும் வைத்து 750 சுற்றாகக் குறைத்து, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள காத்தாடியைச் சுழற்றலாம். மோட்டார் படகின் மேல் நனையாத உறையில் இருக்கும். தண்டு மட்டும் நீருக்குள் இறங்கும். துரூவே செய்தது போல முழு அமைப்பையும் பின்பலகையில் மாட்டி, மணல் தட்டினாலோ வெங்காயத்தாமரை சுற்றினாலோ கையால் தூக்கிவிடும்படி வைக்க வேண்டும். காத்தாடி முழுதும் நீருக்குள் இருக்க முழங்கால் அளவு ஆழம் வேண்டும். அதற்கும் குறைந்த இடத்தில் பழைய மூங்கில் கழிதான் துணை. ஆகவே கழி ஒன்று எப்போதும் படகில் கிடக்க வேண்டும்.

மின்கலமும் கம்பியும்

12 வோல்ட்டில் 800 வாட் வேண்டுமானால் 67 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 24 வோல்ட்டில் 33 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 10 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி போக வர 8 மீட்டர் இருந்தால், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 60 வாட் வீணாகும்; 24 வோல்ட்டில் 15 வாட்தான். ஆகவே 24 வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் அடுக்கைத் தேர்ந்தெடுக்கிறேன். அதில் உள்ள இரண்டரை யூனிட்டில் இரண்டு யூனிட்டைத் தயக்கமின்றிச் செலவிடலாம்.

மின்கலத்தைப் படகின் நடுவே, அடிப்பலகையை ஒட்டி, நீர் புகாத பெட்டியில் கட்டி வைக்க வேண்டும். எடை தாழ்ந்து இருந்தால் படகு கவிழாது. மின்கலத்தின் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியம் மின்கலத்தில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் ஒரு கணத்தில் கம்பி பழுத்துவிடும். முத்துப்பேட்டைக் காயல் போன்ற உவர்நீரில் ஓட்டினால், நீருக்குள் இருக்கும் உலோகப் பகுதியில் ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்த வேண்டும். உப்புநீர் அரிப்பது அந்தத் துண்டை, தண்டு தப்பும்.

சூரியன்

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் திறன் ஏறத்தாழ 1,000 வாட். சூரியத் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். 2 சதுர மீட்டர் தகடு ஒன்றைக் கூரையாக வைத்தால் 400 வாட். மணிக்கு 4 கிலோமீட்டர் செல்ல 100 வாட்தான் வேண்டும் என்று முன்பு கண்டோம். அப்படியானால் நண்பகலில் மோட்டார் உண்பதைவிடத் தகடு தருவது அதிகம். படகு ஓடிக்கொண்டே மின்கலமும் நிரம்பும். வெயில் நாளில் ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாமல் கிடைக்கும். ஆடிக் காற்றில் கூரை பாய்மரம் போலாகிப் படகைத் திருப்பிவிடும் என்பதால், தகட்டைத் தாழ்வாகவும், வேண்டியபோது கழற்றக்கூடியதாகவும் அமைப்பது நல்லது.

புயல் மேகம் மூடிய நாளில் தகட்டை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மின்கலத்தை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும். ‘கஜா’வுக்குப் பின் நம் பகுதிச் சிற்றூர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவில் கைபேசியில் ஒரு சொல் பேசி, உயிரோடு இருப்பதை வெளியூர் உறவினருக்குத் தெரிவிக்கக்கூட வழியில்லாமல் இருந்தது. நம் படகின் 2 யூனிட், 9 வாட் விளக்குகள் பத்தை 20 மணி நேரத்துக்கும் மேலாக எரிக்கும்; அல்லது நூற்றுக்கும் மேற்பட்ட கைபேசிகளுக்கு உயிர் கொடுக்கும். மேகம் விலகியதும் தகடு மீண்டும் நிரப்பத் தொடங்கும். டீசல் தீர்ந்த படகு வெறும் மரம். மின்படகோ கரையில் நின்றாலும் ஊருக்கு உதவும்.

எல்லையும் எச்சரிக்கையும்

இப்படகால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். உடைப்பெடுத்த ஆற்றின் கடும் நீரோட்டத்தில் இதை இறக்கக் கூடாது. அது மீட்புப் படையினரின் வேலை. தெருவிலும் வயலிலும் தேங்கி நிற்கும் நீரில் முதியவரையும் கர்ப்பிணியையும் ஏற்றிக் கரை சேர்ப்பது, மருந்தும் அரிசியும் பாலும் கொண்டு செல்வது ஆகியனவே இதற்கு உரிய பணிகள். ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். மூவருக்குமேல் ஏற்றக் கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பிகள் உள்ள தெருவில், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திவிட்டதை உறுதி செய்துகொண்ட பின்னரே நுழைய வேண்டும். இயந்திரத்தால் செல்லும் உள்நாட்டுக் கலங்களுக்குப் பதிவும் ஆய்வும் வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். ஆற்றில் இறக்குமுன் உரிய துறையினரின் இசைவு பெற்றாக வேண்டும்.

வெள்ளம் இல்லாத நாட்களிலும் இதற்கு வேலை உண்டு. கோரையாறும் பாமணியாறும் சென்று சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஆழம் குறைவு, அமைதி மிகுதி. இயந்திர இரைச்சல் கேட்டால் பறவைகள் எழுந்து ஓடும். கசியும் எண்ணெய் இறால் குஞ்சும் நண்டும் வளரும் சேற்றில் படியும். ஓசையும் புகையும் இல்லாமல் ஊர்ந்து செல்லும் படகு அந்தக் காட்டுக்கென்றே பிறந்தது போன்றது. ஆராய்ச்சி செய்யும் விலங்கியல், தாவரவியல் மாணவர்களுக்கும் அது பெருந்துணை.

முடிவுரை

மின்படகு என்பது பெரிய மோட்டாரும் பெரிய மின்கலமும் வாங்கும் செல்வர்களின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. வேகத்தைப் பாதியாகக் குறைக்க ஒப்புக்கொண்டால் திறன் எட்டில் ஒன்றாகிறது. மின்கலம் சிறுக்கிறது, எடை குறைகிறது, செலவும் நம் கைக்கு எட்டும் அளவுக்கு வருகிறது. ஆள் நடக்கும் வேகத்தில் செல்லும் படகு, இடுப்பளவு நீரில் ஆள் நடக்கவே முடியாத நாளில் எவ்வளவு பெரிய செல்வம் என்பதைக் கடைமடைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இயற்பியல் துறை கணக்கிடட்டும். கணிதத் துறை சரிபார்க்கட்டும். விலங்கியல் துறை காயலுக்குக் கொண்டு செல்லட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஓட்டப் பழகட்டும். பலகை வெட்ட நம் ஊர்த் தச்சரும், கப்பி கடைய நம் ஊர்ப் பட்டறைக்காரரும் இருக்கிறார்கள். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், மேட்டூர் நீர் வந்து சேரும் ஒரு பருவத்தில், நம் கல்லூரியின் பெயர் எழுதிய சிறு படகு ஒன்று வெண்ணாற்றில் இறங்கும். அடுத்த ஐப்பசிக்குள் அது இறங்க வேண்டும் என்பதே என் விருப்பம்; புயல் நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை அல்லவா?